ஓரம் போகாத அஞ்சலை அக்கா

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி வாக்கில், நான் ஓட்டிய பேருந்து புந்தோங் சந்திப்புக்குச் சற்று முன்னால் நெரிசலில் நின்றுவிட்டது. முன்னால் இருபது வாகனங்களாவது இருக்கும். எதற்காக நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னிருக்கையிலிருந்து ஒருவர், "என்னா அண்ணே, இன்னிக்குப் போவுமா போவாதா?" என்று கேட்டார். நான் ஹாரனை அழுத்தினேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினேன்.

கால் மணி நேரம் ஆன பிறகு ஒரு போலீஸ்காரர் எங்களை ஒவ்வொருவராக வலப்பக்கம் ஒதுக்கி அனுப்பினார். சாலையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை அடுத்து, முன்சக்கரம் மடங்கிய ஒரு பச்சைச் சைக்கிள். அதன் இருக்கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அது யாருடைய சைக்கிள் என்று எனக்குத் தெரியும்.

அஞ்சலை அக்காவை அதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பேருந்தில் ஆட்கள் இருந்தார்கள். இறங்கி ஓட முடியாது. இரண்டு நிறுத்தம் வரை ஓட்டினேன். மூன்றாவதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, டெப்போவுக்குப் போன் செய்து, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னேன். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

சந்திப்பில் இடப்பக்கம் திரும்பிய ஒரு கார், நேராகப் போய்க்கொண்டிருந்த அக்காவைப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். மருத்துவமனையில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். "பேசுங்க அண்ணே, அம்மாவுக்குக் கேக்கும்னு நர்ஸ் சொன்னாங்க," என்றாள் அவருடைய மகள் கவிதா. "அக்கா, டிரைவர் தம்பி வந்திருக்கேன்," என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை மதியம் போய்விட்டார்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அவர் கையால் ரொட்டி சாப்பிட்ட பிள்ளைகளுக்கும், பாசாரில் அவரோடு பேரம் பேசிச் சண்டை போட்டவர்களுக்கும், தினமும் அவருக்குப் பின்னால் வண்டி ஓட்டி எரிச்சல்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்த மூன்றாவது கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

லகாட் போகும் தடத்தில் நான் வண்டி எடுத்த புதிது. தினமும் காலையில், அதே இடத்தில், பச்சைச் சைக்கிளில் ஒரு பெண் போவார். சாலையின் விளிம்பில் போகமாட்டார். விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே தள்ளித்தான் போவார். எதிரில் லோரி வந்தால் அவரைத் தாண்ட முடியாது. பேருந்து அவர் பின்னால் ஊர்ந்து போகும். நான் ஹாரன் அடிப்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓரமாப் போம்மா!" என்று கத்தியிருக்கிறேன். அப்போதும் அதே வேகத்தில் மிதித்துக்கொண்டிருப்பார். நாளாக நாளாக அவர் என்னை வேண்டுமென்றே வதைப்பதாகவே நம்பத் தொடங்கினேன்.

ஒரு மழைநாள் காலை, ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்ட கோபத்தில், எதிரில் வண்டி வருமுன் தாண்டிவிடலாம் என்று அழுத்தினேன். போதுமான இடம் விட்டதாகத்தான் நினைத்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது சைக்கிளும் இல்லை, அவரும் இல்லை. சாலையோரத்து லோங்காங்கில், மூடியில்லாத அந்தச் சாக்கடைக் கால்வாயில், விழுந்து கிடந்தார். பேருந்தில் இருந்த இரண்டு பேர் இறங்கி அவரைத் தூக்கினார்கள்; நானும் பின்னால் போய் நின்றேன். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையை வாசித்தார். சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக.

மறுநாளே போலீஸ் பலாயில் புகார் கொடுத்துவிட்டார். எனக்கு அபராதச் சமான் வந்தது. நிறுவனம் இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. என் மனைவி, "போய்ப் பேசிப் பாருங்க. நம்ம ஆளுங்கதானே," என்றாள். ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு புந்தோங்கில் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

கதவைத் திறந்தவர் கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரிப்போட்ட எடுக்க மாட்டேன். உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் கவிதா அதற்குள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். குடித்து முடித்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, வேல இல்லாமத்தானே இருக்கீங்க? ரிப்பேருக்குக் குடுத்த சைக்கிள் கடையிலயே கெடக்கு. எனக்குக் கை முடியல. கொஞ்சம் ஓட்டிட்டு வந்துருங்க லா."

மறுக்க எனக்கு ஏது முகம்? கடை லகாட் சாலையில், அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் இருக்கும். மாலை ஐந்து மணி, ஆலைகள் விடும் நேரம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் சைக்கிள் மிதித்ததில்லை. நல்ல பிள்ளையாக விளிம்பை ஒட்டியே போனேன். அங்கே தார் உடைந்து பல்லிளித்தது. அதைத் தாண்டினால் கண்ணாடிச் சில்லு. அதையும் தாண்டினால் வாயைத் திறந்துகொண்டு லோங்காங். கொஞ்சம் உள்ளே தள்ளி மிதித்தேன். உடனே பின்னால் ஹாரன். ஒரு கார்க்காரர் என்னைக் கடக்கும்போது மலாயில் ஏதோ ஏசிவிட்டுப் போனார். பிறகு ஒரு பேருந்து வந்தது, எங்கள் நிறுவனத்துப் பேருந்து. அது கடந்தபோது எழுந்த காற்று என்னை ஒரு பக்கம் தள்ளி, உடனே மறுபக்கம் இழுத்தது. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். மீதித் தூரம் முழுவதும் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வாசலில் நின்றிருந்த அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டார். "தள்ளிக்கிட்டா வந்தீங்க!" என்று சிரித்தார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஏன் ஒருநாளும் வழிவிடவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். அப்பா பால்மரம் வெட்டியவர். "தோட்டத்துல தொர காரு வந்தா, சைக்கிள்ல போறவங்க எறங்கி ஓரமா நிக்கணும். அப்பா பால் வாளியோட எறங்கி நிப்பாரு. செம்மண்ணு பூரா மூஞ்சில அடிக்கும். கார் போற வரைக்கும் தலைய நிமித்த மாட்டாரு. பின்னால உக்காந்துருந்த எனக்கு அப்ப ஆறு வயசு. நான் எறங்கவே கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சேன்," என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அதுக்காக ஒங்க பஸ்ஸ மறிக்கணும்னு இல்ல தம்பி. ஓரத்துல ரோடு நல்லாருந்தா நான் ஏன் உள்ளுக்கு வாரேன்?"

அவரைப் பிழையே செய்யாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவரும் அதை விரும்பமாட்டார். கட்டுப் பிரித்த பிறகு சில மாதங்கள் சாலையைக் கண்டாலே அவருக்குப் பயமாக இருந்தது. பாசார் அருகே கடைவரிசை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் ஏறி ஓட்டத் தொடங்கினார். ஒருநாள் அங்கே நடந்து வந்த நடராசா ஐயாவை இடித்துவிட்டார். ஐயா ஓய்வுபெற்ற குமாஸ்தா. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கீழே விழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கையிலிருந்த முட்டைகள்தாம் உடைந்தன.

"இது நடந்து போற ஆக்களின்ர இடம், பிள்ளை. எனக்கு எண்பது வயசு. நான் இனி எங்க போய் நடக்கிறது?" என்று கேட்டாராம்.

அன்று மாலை அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். "அவரு ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி. அவருக்குக் கையி வெடவெடன்னு ஆடுது. என்னைய பாத்துப் பயப்படுறாரு. என்னையப் பாத்து!" என்றார். மறுநாளிலிருந்து அந்த நடைபாதை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். வாரத்துக்கு இரண்டு நாள் ஐயாவுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயா போன வருடம் படுக்கையில் விழும்வரை அது நிற்கவில்லை.

லோங்காங்குக்கு மூடி போடச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அந்த நாட்களில்தான் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். "விழுந்தது நான், தள்ளுனது இவருன்னும் எழுதுங்க," என்றார். எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். கவுண்டரில் இருந்த அதிகாரி அதை வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருமுறை போனோம், ஏழுமுறை போனோம். கடைசியில் மளிகைக்கடையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மூடி போட்டார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. அந்தத் துண்டுச் சாலையில் மட்டும் அக்கா விளிம்பை ஒட்டி ஓட்டுவார். நான் தாண்டிப் போகும்போது வலக்கையைத் தூக்கிக் காட்டுவார்.

இப்போது கார் அவரை மோதிய அந்தச் சந்திப்பைப் பற்றியும் எழுதலாம் என்று போன தீபாவளிக்கு முன்பு சொன்னார். திரும்பும் வண்டிகள் அங்கே யாருக்கும் நிற்பதில்லை என்றார். பண்டிகை முடியட்டும் அக்கா என்றேன். முடிந்தது. நான் எழுதவில்லை. கடிதம் எழுதியிருந்தாலும் அதற்குள் எதுவும் நடந்திருக்காது என்று எல்லாரும் என்னைத் தேற்றுகிறார்கள். இருக்கலாம். ஆனால் எழுதாமல் இருந்தவன் நான்தான்.

காரியத்தன்று பேசியவர்கள் எல்லாரும், அக்கா பொறுமையின் சிகரம் என்றார்கள். கையை உடைத்தவனையே மன்னித்துத் தம்பியாக ஏற்றுக்கொண்டவர் என்று ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டினார். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அங்கே மறுத்துப் பேசுவது நன்றாக இராது என்று தலையைக் குனிந்துகொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்: அது உண்மையில்லை.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய தீபாவளிக்கு என் மனைவியும் நானும் முறுக்கு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் என் மனைவி நெகிழ்ந்துபோய், "ஒங்களுக்கு நல்ல மனசு அக்கா. இவர மன்னிச்சிட்டீங்க," என்றாள்.

அக்கா முறுக்கை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "யாரு சொன்னா? மன்னிக்கலியே," என்றார்.

என் மனைவி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அக்கா இடது கையை நீட்டி மணிக்கட்டை மடக்கிக் காட்டினார். அது பாதிதான் மடங்கியது. "காலைல அஞ்சு மணிக்கு ரொட்டிக்கு மாவு பெசையறப்ப இந்த எடத்துல சுள்ளுன்னு இழுக்கும். அப்ப ஒங்க வீட்டுக்காரர நல்லாத் திட்டுவேன். தெனமுந்தான். பெசைஞ்சு முடிச்சா மறந்துருவேன். அவருக்கும் தெரியட்டும், தப்பில்ல. நீங்க சாப்புடுங்க லா, ஏன் அப்புடிப் பாக்குறீங்க?"

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனைவி அழுதாள். எனக்கு ஏனோ மனசு லேசாக இருந்தது. எத்தனையோ வருடங்களாக நான் சுமந்து திரிந்ததை அவர் இல்லையென்று சொல்லவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு முறுக்கை எடுத்து வைத்தார்.

அவர் வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளும்படி கவிதா சொன்னாள். நான் எதையும் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்தத் திட்டுதான். அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்து மணிக்கு எழுந்து சட்டை மாட்டும்போது, ஊரின் மறுபக்கத்தில் ஒருவர் மாவைப் பிசைந்துகொண்டே என்னை ஏசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்போடு போய் வண்டியை எடுத்தால் கால் தானாகவே மெதுவாக மிதிக்கும். இந்த மூன்று வாரமாக ஐந்து மணிக்கு எழுகிறேன். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் திட்டுவதற்கு இப்போது யாரும் இல்லை.