கழியில் கட்டிய படகு

படகின் இன்ஜின் நின்றதும் அத்தை திடுக்கிட்டுக் கண்விழித்து, "கரண்டு பூட்ச்சாடா?" என்று கேட்டார். எங்கள் ஊர் நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டுத் தூக்கம் அப்படித்தான். தறி ஓடினால் தூங்குவோம், நின்றால் எழுந்துவிடுவோம். தடா பக்கம் கால்வாயில் படகு ஏறியதிலிருந்து அந்த டீசல் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கிவந்தவர், சுற்றிலும் தண்ணீரைப் பார்த்ததும் தன்னை நினைத்தே சிரித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவில் அவருடைய ஒரே மகள் இருந்தாள். முறைப்படி என்னைக் கட்டியிருக்க வேண்டியவள். தொழிற்சாலையில் உடன் வேலைபார்த்த தீவுக்காரரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நானும் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, தொப்பையும் போட்டாயிற்று. அத்தைதான் எனக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். தலைப்பிரசவத்துக்குக்கூட மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரவில்லை. பேரன் பிறந்த சேதி வந்த பிறகுதான் மனம் கேட்கவில்லை. திருமலை லட்டும் குழந்தைக்குச் சட்டையும் எடுத்துக்கொண்டு என்னைக் கிளப்பினார். "நான் பண்ணது தப்புன்னு அவ மூஞ்சியப் பாத்து சொல்லணும்டா" என்றார் பஸ்ஸில். அத்தை வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

வைகாசியில் அந்த ஏரி வற்றிக் கிடக்கும். இன்ஜினை நிறுத்திய படகுக்காரர் கொஞ்ச தூரம் கழியால் தள்ளிப் பார்த்தார். கரையில் நிற்பவர்களின் முகம் தெரிகிற இடத்தில் அதுவும் முடியாமல் போக, கழியைச் சேற்றில் ஊன்றி அதிலேயே படகைக் கட்டினார். "நீள்ளு லேதும்மா, தண்ணி இல்ல. இதுக்கு மேல போவாது. எறங்கி நடக்கணும்" என்றார். தீவுக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேசியபடியே இறங்கிப் போனார்கள். அத்தை ஒரு காலை இறக்கிப் பார்த்தார். காலமெல்லாம் தறி முன்னால் நின்று நரம்பு சுருண்டு வீங்கிய கால் அது. சேறு முழங்கால் வரை இழுத்தது. நான் தூக்கிப்போகிறேன் என்றேன். "உன் தொப்பையயே உன்னால தூக்க முடியல" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கரையில் மகள் குழந்தையோடு நின்றாள். குழந்தையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகியவளை அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார். பச்சை உடம்புக்காரி சேற்றில் கால் வைக்கக் கூடாதாம். குழந்தையை நான் தூக்கிவருகிறேன் என்றதற்கும், "வழுக்கி உழுந்தேன்னா?" என்று மறுத்துவிட்டார். பையை மட்டும் என்னிடம் நீட்டினார். சொல்ல வந்ததை நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "ஆளனுப்பி சொல்ற பேச்சாடா அது? மழ பேஞ்சா தண்ணி ஏறும், படகு கரைக்கே போவும். அப்ப சொல்லிக்கிறேன்" என்றார்.

பையைக் கரையில் கொடுத்துவிட்டுப் படகுக்குத் திரும்பினேன். குரல் எட்டாத தூரம்; இருவரும் கையால் பேச ஆரம்பித்தார்கள். தறி ஓடும் கொட்டகையில் பேச்சு காதில் விழாது என்பதால் எங்கள் வீடுகளில் குழந்தைகள்கூடச் சைகையில் பேசும். சாப்பிட்டாயா, பால் குடிக்கிறானா, ராத்திரி தூங்குகிறானா, எல்லாம் அந்தச் சேற்றின் மேலாகவே போய்வந்தது. மகள் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். பேசிக்கொண்டே இருந்த அத்தை சட்டென்று கைகளை மடியில் போட்டுக்கொண்டார். நூல் அறுந்தது, முதலாளி வருகிறார், சோறு தின்னப் போ, எல்லாவற்றுக்கும் எங்களிடம் சைகை உண்டு. என்மேல்தான் தப்பு என்பதற்கு இல்லை. கொட்டகையில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

மழைக்கு முன்பே, புரட்டாசியில், மாரடைப்பில் அத்தை போய்விட்டார். சாவுக்கு வந்த மகளிடம் அந்தக் கூட்டத்தில் எதையும் பேச முடியவில்லை. அத்தை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அன்றைக்குத் தன்னைத் தூக்கிப்போக என்னை விட்டிருக்கலாம்.

போன மாதம் தீவுக்குப் போனேன். நல்ல மழை பெய்திருந்தது. படகு கரையை உரசிக்கொண்டு போய் நின்றது. கயிற்றை வீசிக் கரையிலிருந்த மரத்தில் கட்டினார்கள். அத்தை செருப்பு நனையாமல் இறங்கியிருக்கலாம். காத்திருந்த மகள், நான் இறங்கிய பிறகும் படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சொல்ல வந்ததை அங்கே நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும் மாமா. அம்மா எறங்கி வந்து சொல்லியிருந்தா, நானும் ஒண்ணு சொல்லியிருப்பேன்" என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. அதுவும் ஆளனுப்பிச் சொல்கிற பேச்சில்லை.