மடித்துத் தொங்கவிட்ட பேப்பர்

போன வாரம் மகளுடைய செல்போனில் ஒரு செய்தி படித்துக்கொண்டிருந்தேன். ஆறு வரிதான் தெரிந்தது. அதற்குக் கீழே எழுத்தெல்லாம் மங்கிப்போய், சந்தா கட்டினால் மீதி என்று வந்தது. என்னையறியாமல் கழுத்தைச் சாய்த்துப் போனுக்கு அடியில் பார்த்தேன். மகள் சிரித்துவிட்டாள்.

“குனிஞ்சு பாத்தா தெரியுமாங்கப்பா?”

தெரியாதுதான். ஆனால் அப்படிக் கழுத்தைச் சாய்த்த ஒருவரை எனக்குத் தெரியும். சாய்க்க வைத்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் துடியலூரில் எனக்கொரு பேப்பர் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு கயிறு, கொஞ்சம் துணிக் கிளிப். பேப்பரை முழுசாக விரித்துக் கயிற்றில் மாட்டுவேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுப் போவார்கள். வாங்குபவர் நாலு பேர் என்றால் நின்று படிப்பவர் நாற்பது பேர். வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் வேறு. பேப்பர் விற்றேனே தவிர, தலைப்பைத் தாண்டிப் படித்ததில்லை.

அப்போதுதான் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் ஒன்று திறந்தார்கள். அதன் ஓனர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, “இனி பேப்பரெல்லாம் கம்ப்யூட்டர்லயே சும்மா வருதுங்க. உங்ககிட்ட எவன் வாங்குவான்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பேப்பரைப் பாதியாக மடித்து மாட்டினேன். மேல்பாதி சும்மா. கீழ்ப்பாதி வேண்டுமென்றால் வாங்கட்டும்.

புதிதாக ஒருவரும் வாங்கவில்லை. பாதியைப் படித்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

மூன்றாம் நாள் ரங்கசாமி அண்ணன் வந்தார். மூடிக்கிடந்த மில்லில் வேலை பார்த்தவர். மில் திறக்குமா என்று பார்க்கவே தினமும் வருவார். அன்று தலைப்பிலேயே இருந்தது, மில் திறக்கிறது என்று. விவரம் மடிப்புக்குக் கீழே. கழுத்தைச் சாய்த்து மடிப்புக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாரப் பத்திரிகைகளை அடுக்குவதுபோல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

மறுநாள் காலையில் சில்லறையோடு வந்தார்.

“ஏனுங்க தம்பி, நேத்துப் பேப்பர் ஒண்ணு குடுங்க.”

விற்காத பேப்பரெல்லாம் விடியற்காலையிலேயே ஏஜென்ட் வண்டியில் திரும்பிப் போய்விட்டது.

“அப்ப என்ன போட்டிருந்துச்சுன்னாவது சொல்லுங்க.”

“தலைப்பு மட்டுந்தாங்கண்ணா பாத்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் சில்லறையைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்து சலூன் செல்வன் என்னிடம் தினம் ஒரு பேப்பர் வாங்குவான். அங்கே ஓடினோம். “அதக் கிழிச்சுப்போட்டேனுங்களே!” என்றான். சவர நுரையை வழித்துப் போட அவனுக்கு முந்தின நாள் பேப்பர்தான். குப்பை போடும் தகர டப்பாவைக் கவிழ்த்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். நுரையும் முடியும் ஒட்டிய துண்டுகள். “ஐயையோ, இது நம்ம வாத்தியார் மீசைங்க, அங்கிட்டுத் தள்ளுங்க” என்று அந்த நேரத்திலும் செல்வன் வாய் ஓயவில்லை. நாலு துண்டைச் சேர்த்து வைத்து அண்ணன் படித்தார். பழைய ஆட்கள் மில் கார்டோடு இன்று பகல் பன்னிரண்டுக்குள் நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டுமாம்.

அப்போதே பதினொன்று.

“என்ற சைக்கிள எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா” என்றேன். கார்டு இருக்கும் வீடு ஒரு பக்கம், மில் ஒரு பக்கம். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. கயிற்றில் இருந்ததை எடுத்து முழுசாக விரித்து மாட்டினேன். கிளிப் இரண்டு தடவை கீழே விழுந்தது.

மூன்று மணிக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது.

“மில் கேட்டச் சாத்தறப்ப கைய உட்டுப்போட்டேனுங்க தம்பி. கடைசிப் பேரு என்னுதுதான்.”

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் சில்லறையைப் பெட்டிமேல் வைத்தார். “நேத்துப் பேப்பருக்குங்க.”

மில் இரண்டு வருஷம் ஓடியது. அதுவரை தினமும் காசு கொடுத்து வாங்கினார். மறுபடி மூடியதும் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றார். பேப்பர் முழுசாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பிரௌசிங் சென்டரும் போயிற்று, என் கடையும் போயிற்று. செல்வனின் மகன் டிஷ்யூ பேப்பரில் நுரை வழிக்கிறான்.

“சந்தா கட்டட்டுங்களாப்பா?” என்றாள் மகள்.

“கட்டு அம்மணி” என்றேன். மீதி முழுசும் தெரிந்தது. இதை மடித்து வைத்தவர் எங்கேயோ இருக்கிறார். நான் கழுத்தைச் சாய்த்ததை அவர் பார்க்கவில்லை.