யாரும் அளக்காத மூச்சு

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்க்கும் வேலை எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்துகிறேன். வெளிநாட்டு இதழில் வரப்போகும் கட்டுரை, வெளியாவதற்கு முன் என் லேப்டாப் வழியாகப் போகும். முன்பெல்லாம் முழுவதையும் நானே திருத்துவேன். இப்போது மென்பொருள் முதலில் மேய்ந்துவிடுகிறது, மிச்சம்தான் எனக்கு. எழுதுகிறவர்களும் பாதிப்பேர் மென்பொருளை வைத்தே எழுதுகிறார்கள். மனுஷ வாசனை இல்லாத வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் வந்த கட்டுரையில் எங்கள் ஊர் இருந்தது. முள்ளிப்பட்டுப் பக்கத்துப் பட்டுச் சாயப்பட்டறைகள். அங்கே வேலை செய்கிறவர்களை ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தார்களாம். சாயப்பொடியாலும் ஆவியாலும் ஒரு கெடுதலும் இல்லையாம். என் அண்ணன் அந்தப் பட்டறைகளில் ஒன்றில்தான் நூலுக்குச் சாயம் போடுகிறான். அவன் இருமல் முற்றியிருந்த நேரம் அது. வேலையை விடு, வந்து ஒரு தடவை ஊதிக் காட்டு என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவனோ இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

மதியம் சாப்பிட வந்தவனிடம், பட்டறைக்கு யாராவது வந்து சோதனை செய்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் வர்ல பாப்பா. ஆவியில நின்னுகினு இருக்கறவன யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றான்.

பக்கத்துப் பட்டறைகளிலும் விசாரித்தேன். ஒருவரும் வரவில்லை. திரும்பி வந்து அட்டவணையைப் பார்த்தால், வாலிபர் மூச்சும் வயதானவர் மூச்சும் ஒன்றுபோலவே இருந்தன. இருமுகிறவர் என்று ஓர் ஆள்கூட இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? இதைப் படித்துப் பார்த்து நிபுணர்கள் ஒப்புதல் வேறு கொடுத்திருந்தார்கள்.

எந்தப் பட்டறைகள், சோதித்தது யார் என்று ஓரத்தில் கட்டுரையாளருக்குக் கேள்வி போட்டேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. எல்லாம் சரிபார்க்கப்பட்டது, உங்கள் கவனமான வாசிப்புக்கு நன்றி. வேறு விதமாகக் கேட்டேன். அதே நன்றி, அதே வேகம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அண்ணன் அங்கேதான் இருமிக்கொண்டிருக்கிறான் என்றே எழுதிவிட்டேன். அதற்கும் நன்றி வந்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் வேலை மொழியோடு சரி, விஷயம் இதழின் பொறுப்பு என்றார் டீம் லீடர். இதழுக்கும் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். பரிசீலனை நடந்துகொண்டே இருந்தது, கட்டுரையும் வெளியானது. கொஞ்ச நாளில் அதை மேற்கோள் காட்டி இன்னொரு கட்டுரை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் போனும் கையுமாக வந்தான். முகத்தில் அப்படியொரு தெளிவு. சாய வேலையால் நெஞ்சு கெடுமா என்று போனிடம் கேட்டிருக்கிறான். ஆரணியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பயமில்லை என்று அது தமிழிலேயே சொல்லியிருக்கிறது. இனி வேலூருக்குப் போவதாக இல்லை என்றான்.

அது பொய், யாரும் வரவில்லை என்று நீதானே சொன்னாய் என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"வந்தாங்க பாப்பா, நாந்தான் மறந்துட்டேன். கண்ணாடி போட்டுகினு ஒரு பொண்ணு வந்துச்சு. மூக்கப் புடிச்சிகினு நீலக் குழாயில ஊதச் சொல்லுச்சு."

கட்டுரையில் கண்ணாடி போட்ட பெண் கிடையாது, நீலக் குழாயும் கிடையாது. என் அண்ணன் பொய் சொல்கிறவனும் இல்லை. பட்டறையில் மற்றவர்களுக்கும் இப்போது ஞாபகம் வந்துவிட்டதாம். அந்தப் பெண் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டதைக்கூட ஒருவர் சொல்கிறாராம்.

எப்படி ஊதினாய், காட்டு என்றேன். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். இல்லாத குழாயை இன்னொரு கையால் வாயருகே கொண்டுபோய், கன்னம் உப்ப ஊதினான். பாதியிலேயே மூச்சு அறுந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"அன்னிக்கி முழுசா ஊதினேன் பாப்பா," என்றான்.