ஏழாம் பக்கத்தில் இருந்த மாத்திரை

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் செய்கிறேன். மனச்சோர்வுக்கான மருந்து யாருடைய உடம்புக்கு ஒத்துவரும் என்று மரபணுவில் தேடுகிற பேராசிரியை ஒருவர், தான் எழுதிய கட்டுரைகளின் பட்டியலை பைண்டிங்குக்குக் கொடுத்தார். என் மனைவி இரண்டு வருடமாக அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள். அவளுடைய மாத்திரை அட்டையிலிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன்.

“இன்னா நைனா, டாக்டராவப் போறியா?” என்று முதலாளி சிரித்தார்.

ஏழாம் பக்கத்தில் அதே பெயர் இருந்தது. பேராசிரியை வந்ததும் அட்டையை நீட்டி, “என் வீட்டுல சாப்பிடுறா, இது கேக்குமாம்மா?” என்றேன்.

அவர் அந்த வரியைப் படித்துவிட்டுத் தயங்கினார். “இது அந்த மருந்து கேக்காதவங்களைப் பத்தின கட்டுரை. உங்க வீட்டுல எப்படின்னு முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியலை. டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க.”

டாக்டர் மாற்றித் தந்த மூன்றாவது மாத்திரை அது.

அன்று சாயங்காலமும் அதையே தண்ணீரோடு கொடுத்தேன். “இதுலயாவது சரியாவுமா?” என்று கேட்டாள். “டாக்டரையே கேப்போம்” என்றேன்.

இதை எழுத மனம் வந்த நாள், தை ஒன்பது, வெள்ளிக்கிழமை.