கட்டில் டாக்டரின் சாட்சியம்

அவரைக் கட்டில் டாக்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதலில் அப்படிச் சொன்னவர் ஒரு பால்காரர். "எந்த மாட்டு டாக்டர்?" என்று யாரோ கேட்க, "கட்டில்லயே இருப்பாரே, அவருதான்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டரும் கோபித்துக்கொள்ளவில்லை. "மத்த பட்டமெல்லாம் ராத்திரி பகலா முழிச்சுப் படிச்சு வாங்கினேன். இது ஒண்ணுதான் படுத்தபடியே கிடைச்சுது" என்பார்.

கன்று ஈன முடியாமல் தவித்த பசு ஒன்று, பிரசவம் பார்க்கப் போனவரைக் கொட்டகைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சியே இல்லை. மனைவி ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போதும் அவர் அப்படியே கிடப்பார். பேச்சும் குறைந்துபோயிற்று.

ஒருநாள் அவள் கட்டில் சட்டத்தில் போனைக் கம்பியால் கட்டிவிட்டாள். "உங்க பழைய ஆளுங்க இன்னும் உங்களைத்தான் கேக்குறாங்க. கால்தானே போச்சு, வாய் இருக்குல்ல? பேசுங்க."

பேசினார். மெல்ல மெல்ல அறையே ஆஸ்பத்திரியாயிற்று. திரையில் மாடு தெரியும், ஆடு தெரியும், சில நேரம் ஆட்டுக்காரரின் மூக்கு மட்டும் தெரியும். "ஐயா, போனைத் திருப்புங்க. நோய் உங்களுக்கா ஆட்டுக்கா?" என்பார். மாட்டின் இடது விலாவில் போனை வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வயிற்றின் ஓசையைக் கேட்பார். மருந்துச் சீட்டை போனிலேயே அனுப்புவார். அவர் மறுபடி இரண்டு தோசைக்கு மேல் கேட்டுச் சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.

அப்போதுதான் நகரத்தில் ஒரு நாய் செத்தது. தையல்காரப் பெண் ஒருத்தி வளர்த்த பெரிய நாய், உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். சாப்பிடாமல் அங்குமிங்கும் அலைந்ததைப் பார்த்து, போனில் வைத்தியம் சொல்லும் இளம் டாக்டரம்மா ஒருவரைக் கூப்பிட்டாள். அஜீரணம் என்று அவர் மருந்து எழுதினார். உண்மையில் நாயின் இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் மன்றம் விசாரணை வைத்தது. ஒருமுறையாவது நேரில் தொட்டுப் பார்க்காத விலங்குக்குப் போன் வழியாக மருந்து எழுதக் கூடாது என்றொரு விதி கொண்டுவரலாமா என்ற பேச்சும் அதோடு சேர்ந்தது. விதி வேண்டாம் என்ற டாக்டர்கள் இவரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். இவரைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?

மனைவி அவருக்குச் சலவைச் சட்டை மாட்டி, தலை வாரி, போனுக்கு முன் சாய்த்து உட்காரவைத்தாள். மன்றத்தின் சுவரில் பெரிதாகத் தெரிந்தார். நாயைப் பார்த்த வைத்தியத்தின் பதிவை அங்கே ஓடவிட்டார்கள். தையல்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளம் டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

தலைவர் கேட்டார்: "நீங்க அனுபவசாலி. இதுல நோய் என்னன்னு நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

பதிவை இன்னொருமுறை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார்.

"இல்லைங்க. நானும் அஜீரணம்னுதான் எழுதியிருப்பேன். அந்த டாக்டர் பொண்ணு மேல தப்பில்ல. வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருக்கும், ஆனா மயிருக்குள்ள கை போனாத்தான் தெரியும். திரைக்குக் கை இல்லைங்க."

அந்தப் பதிலால் டாக்டரம்மாவின் வேலை தப்பியது. அதே பதிலால் விதியும் வந்தது. கூப்பிட்ட டாக்டர்கள், "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாரே மனுஷன்" என்றார்கள்.

மனைவி அன்று மாலை ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றினாள். கடைசிப் பொத்தானில்தான் அடக்க முடியாமல், "கொஞ்சம் மழுப்பியிருக்கலாமேங்க" என்றாள்.

"மழுப்ப வரலம்மா. அந்த டாக்டர் பொண்ணு அங்கேயே உக்காந்திருந்துச்சு."

அதன்பின் அவர் யோசனை சொல்லலாம், மருந்து எழுத முடியாது. வெறும் யோசனைக்கு எத்தனை பேர் வருவார்கள்? அழைப்புகள் குறைந்தன.

மழைக்காலத்தில், அவருக்குப் பெயர் வைத்த பால்காரர் கூப்பிட்டார். அன்று விடியற்காலையில் கன்று ஈன்ற பசு, எழுந்திருக்க முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தது. சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது, ஊசியில் ஏற்றினால் எழுந்துவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் இந்தப் பசுவை அவர் தொட்டதில்லை.

"மருந்தை எழுதுங்கய்யா. ஊசி போட இங்க கம்பவுண்டர் இருக்காரு."

"எழுத முடியாதுப்பா. உடனே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. பாலத்துல தண்ணி போகுதாம், வடியட்டும்னு சொல்றாரு. சட்டம் போட்டவங்க எங்க கொட்டகைக்கு வந்து பாக்கப் போறாங்களாய்யா?"

"அந்தச் சட்டத்துக்குச் சாட்சி சொன்னவனே நான்தான்பா."

பால்காரர் போனைப் பசுவின் பக்கம் திருப்பினார். பிறகு டாக்டர்தான் பேசினார். "சாக்கைப் போட்டுப் போர்த்து. பக்கவாட்டுல சாய விடாத, வைக்கோல் கட்டை வச்சு முட்டுக் கொடு. வாயில தண்ணி ஊத்தாத." திரையை அணைக்கச் சொல்லவில்லை. பசுவின் மூச்சு நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வந்தபோது கன்று மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

பால்காரர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. டாக்டருக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. புண் காய்ச்சலாயிற்று. கோடை பிறப்பதற்குள் போய்விட்டார்.

அவர் போன பிறகு விதியைத் திருத்தினார்கள். விலங்கின் பக்கத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருந்து, தொட்டுப் பார்த்துச் சொன்னால், தூரத்திலிருந்தும் மருந்து எழுதலாமாம். அந்த இளம் டாக்டரம்மாதான் வீடு தேடி வந்து சொன்னார். "ஐயா இருந்திருந்தா..." என்று தொடங்கினார். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன் இன்னும் எப்போதாவது அடிக்கிறது. எடுத்ததும், யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிடுகிறார்கள். "ஐயா, மாடு நேத்துலேருந்து அசை போடல, கண்ணுல தண்ணியா ஊத்துது, கன்னுக்குட்டியையும் கிட்டச் சேக்க மாட்டேங்குது..." அவள் குறுக்கே பேசுவதில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான், அவர் இல்லை என்று சொல்கிறாள்.