சீரியஸ்னு மட்டும் சொல்லு

ஊர் சுற்றிப் பார்க்கவென்று வேலூருக்கு வருகிறவர்கள் கம்மி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். உள்ளே ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும். வெளியே இருப்பவருக்குப் பொழுது போகாது. அந்தப் போகாத பொழுதில்தான் இன்பராஜின் ஆட்டோ ஓடுகிறது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் கூட்டாளிகளிடம் பழகிய உருது அவருக்கு இங்கே சோறு போடுகிறது. வங்காளத்து மால்டாக்காரர்களும் பீகாரின் பாட்னாக்காரர்களும் அதை இந்தி என்று நம்பிவிடுகிறார்கள். பாலாற்றங்கரை முத்து மண்டபம், கலகம் செய்த சிப்பாய்களின் நினைவுத்தூண், கோட்டை, கடைசியில் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில். எப்போதும் இதே வரிசை, இதே பேச்சு. நோயாளியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். லாட்ஜ் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் அது எழுதாத சட்டம்.

மனைவி ஜெசிந்தா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து இன்பராஜுக்கு எதுவுமே உறைப்பதில்லை. குழம்பில் உப்பில்லை என்றாலும் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். துக்கம் என்று சொன்னால் அது பெரிய பேச்சு. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

அவள் போன அன்று கிருஷ்ணகிரிக்குச் சவாரி போயிருந்தார். மகள் சௌந்தர்யா போன் செய்தாள். “அம்மாவுக்கு சீரியஸ் பா, சீக்கிரம் வா.” நம் ஊர் வழக்கம் அது. செத்துவிட்டார்கள் என்று போனில் யாரும் சொல்வதில்லை, சீரியஸ் என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும், கேட்கிறவனுக்கு மட்டும் அந்த நேரத்தில் தெரியாது. இன்பராஜ் வழி நெடுக வேளாங்கண்ணி மாதாவோடு பேரம் பேசிக்கொண்டே வந்தார். மொட்டை போடுகிறேன், நடந்தே வருகிறேன், பீடியைத் தொடமாட்டேன். சத்துவாச்சாரியில் தன் தெருவுக்குத் திரும்பியதும் வீட்டு வாசலில் சாமியானா தெரிந்தது. செத்துப்போனவளுக்காகவா இவ்வளவு நேரம் கெஞ்சினோம் என்று நின்ற இடத்தில் ஏதோ அணைந்துவிட்டது. அந்தப் பழியை மகள் மேல்தான் போட்டார். அன்றிலிருந்து அவளிடம் “சாப்ட்டியா”, “கதவ சாத்திக்கோ” தவிர வேறு பேச்சில்லை.

மால்டாவிலிருந்து வந்திருந்த பிஸ்வாஸ் பாபுவை அவர் ஆட்டோவில் ஏற்றிவிட்டது பிஸ்வாஸின் மகன்தான். அம்மா ஆபரேஷன் தியேட்டரில். அப்பா வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோரையும் பேஜார் பண்ணுகிறார். கொஞ்சம் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுங்கள் என்றான். பிஸ்வாஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். பார்த்ததையெல்லாம் போனில் படம் பிடித்தார். கண் விழித்ததும் மனைவி மாலதி கேட்பாள் என்றார்.

முத்து மண்டபத்துக்குள் அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர் மக்பூல் அகமது போனில் கூப்பிட்டார்.

“இன்பா, பெரியவர் பக்கத்துல இருக்காரா?”

“இல்ல பாய், உள்ள இருக்காரு.”

“அந்தம்மா போய்ட்டாங்கபா. பையன் பேப்பர் வேலை பாத்துட்டு இருக்கான். பெரியவருக்கு பி.பி. ஜாஸ்தியாம். ஊருக்கு எடுத்துனு போற ஆம்புலன்ஸ் ரெடியாவற வரைக்கும் இட்டுனு வராத. கேட்டா சீரியஸ்னு மட்டும் சொல்லு.”

“சரி பாய்.”

சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. உறைத்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

பிஸ்வாஸ் வெளியே வந்தார். இன்பராஜ் வழக்கம்போல ஆரம்பித்தார். இது கண்டியின் கடைசி ராஜாவுக்குக் கட்டினது. வெள்ளைக்காரன் பிடித்துக் கொண்டுவந்து வேலூரில் வைத்திருந்தான், இங்கேயே செத்தார். கோட்டைக்குப் போனதும் திப்பு மகாலைக் காட்டினார். திப்பு செத்த பிறகு அவர் பிள்ளைகுட்டிகளையும் இங்கேதான் அடைத்தார்கள்.

“உங்கள் ஊருக்கு ராஜாக்கள் யாரும் தானாக வரவே இல்லையா?” என்று சிரித்தார் பிஸ்வாஸ். “மாலதிக்கு இதைச் சொல்லவேண்டும்.”

இன்பராஜின் வாய் தன்பாட்டுக்கு ஓடியது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். இப்போது கோயிலில் சாமி இருக்கிறது, ரொம்ப வருஷம் வெறுமனே கிடந்து, பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த இடத்தில் ஆள் சிரிக்கும், எந்த இடத்தில் தலையாட்டும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிஸ்வாஸும் அந்தந்த இடத்தில் சரியாகச் சிரித்தார்.

கோயிலுக்குள் பிஸ்வாஸ் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். குருக்களுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. நடுவில் இன்பராஜ்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ,” என்றார் குருக்கள்.

“மாலதி பிஸ்வாஸ்,” என்றார் பெரியவர். “ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த வருஷம் அவளையும் கூட்டிவந்து இதே இடத்தில் நிற்பேன் என்று சொல்லுங்கள்.”

இன்பராஜ் குருக்களைப் பார்த்தார். அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மணியடித்து மந்திரம் சொல்லிவிடுவார். பெரியவர் சாயந்திரம் வரை நிம்மதியாக இருப்பார். பிறகு வாழ்நாள் முழுக்க இந்த இடத்தை நினைத்துக்கொண்டு கிடப்பார். அது எப்படி இருக்கும் என்று இன்பராஜுக்குத் தெரியும்.

“சாமி, அர்ச்சனை வேணாம்,” என்றார்.

பெரியவரைக் கைப்பிடித்துப் பக்கத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் படியில் உட்காரவைத்தார். சுற்றிவளைக்கவில்லை. “பாபு, அம்மா இறந்துவிட்டார்கள். நாம் ஆற்றங்கரையில் இருந்தபோதே செய்தி வந்தது. உங்களிடம் சொல்லவேண்டாம் என்றார்கள்.”

பிஸ்வாஸ் அழவில்லை. கையிலிருந்த சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“எனக்கு ஒன்றும் தெரியவில்லையே,” என்றார். “உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. இது சரியா?”

“எனக்கும் தெரியவில்லை பாபு. என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது.”

ஆட்டோவில் திரும்பும்போது மகன் போன் செய்தான். பேச்சு வங்காளத்தில். அது இன்பராஜுக்கு அரைகுறைதான் என்றாலும், மகனும் சீரியஸ் என்றுதான் சொல்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள பாஷை தேவைப்படவில்லை. பெரியவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று இன்பராஜ் நினைத்தார்.

“தெரியும்பா,” என்றார் பிஸ்வாஸ். “அவள் பக்கத்தில் நீ தனியாகவா நிற்கிறாய்? எவ்வளவு நேரமாக? நான் வருகிறேன். பயப்படாதே.”

ஆஸ்பத்திரி வாசலில் மகன் நின்றிருந்தான். இன்பராஜைப் பார்த்த பார்வையில் அடித்துவிடுவான் போலிருந்தது. பெரியவர் இறங்கிப் போய் அவன் பிடரியில் கை வைத்ததும், அவ்வளவு பெரிய ஆள் அப்படியே அப்பாவின் தோளில் சாய்ந்தான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

அடுத்த சவாரிக்கு யாரோ வந்து கேட்டார்கள். இன்பராஜ் இல்லை என்று தலையாட்டிவிட்டு மகளுக்குப் போன் போட்டார். சௌந்தர்யா காட்பாடியில் ஒரு லேபில் வேலை செய்கிறாள்.

“இன்னா பா, இந்நேரத்துல?” அவள் குரலில் பயம் இருந்தது.

“ஒண்ணுமில்ல. அன்னிக்கு நீ எனக்கு போன் பண்ணியே, சீரியஸ்னு. அப்ப உன் பக்கத்துல யாரு இருந்தா?”

லேபில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

“யாருமில்ல பா. நானும் அம்மாவுந்தான்.”

“அங்கயே இரு. வர்றேன்,” என்று சொல்லிவிட்டு இன்பராஜ் வண்டியைக் காட்பாடிப் பக்கம் திருப்பினார்.