நிரந்தரப் பாதசாரி

சாலையைக் கடப்பது அவருடைய வேலை. கடந்து எங்காவது போய்ச் சேர்வது வேலையில் அடங்காது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவார். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி வருவார். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்வரை இதுதான். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகும் இதுதான். நியமனக் கடிதத்தில் 'பதவி: பாதசாரி' என்றும், அதற்குக் கீழே 'நிரந்தரம்' என்றும் அச்சடித்திருந்தார்கள். நாமெல்லாம் அவ்வப்போது பாதசாரிகள். அவர் ஒருவர்தான் நிரந்தரம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்கிற தங்கச்சிக்கு இதை விளங்கவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"ரோட்டைத் தாண்டுறதுக்குச் சம்பளமா? அண்ணே, எவனோ உன்னை நல்லா ஏமாத்துறான்."

"இல்லம்மா. வண்டி ஒண்ணு வரும். டிரைவர் இல்லாம தானா ஓடுற வண்டி. நான் குறுக்க போவேன். அது என்னைப் பாத்துட்டு நிக்கணும்."

"நிக்கலன்னா?"

"உள்ள ஒரு தம்பி உக்காந்திருப்பான். பட்டனை அமுக்குனா பிரேக் புடிச்சிரும்."

"அப்ப டிரைவர் இருக்கான்ல?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. நிறுவனத்திடமும் இல்லை.

நிறுவனம் என்று மரியாதையாகச் சொன்னாலும் அதில் இருந்தவர்கள் இவரோடு சேர்த்து மூன்றே பேர். நிறுவனர் ஒரு பெண். நல்ல வேலையை உதறி, இருந்த வீட்டை விற்று, ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த டைல்ஸ் கிடங்கை வாடகைக்குப் பிடித்தவர். வீட்டை விற்றுவிட்டதால் குடியிருப்பும் கிடங்கிலேயே. பல் தேய்த்துக்கொண்டே கூட்டம் நடத்துவார். இன்னொருவன் கம்ப்யூட்டர் பையன். மூக்கில் உட்கார்ந்திருந்த தடித்த கண்ணாடியை வைத்து அவனுக்கும் 'கண்ணாடி' என்றே பெயர். கிடங்குக்குப் பின்னாலிருந்த சிமெண்டு முற்றத்தில் சாலை வரைந்து, வெள்ளைப் பட்டை போட்டு, நடுவில் பழைய கார் ஒன்றை ஓடவிட்டார்கள். காரின் உச்சியில் குடத்தைக் கவிழ்த்ததுபோல ஒரு கருவி சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் அதற்குக் கண்.

இதற்கு முன் அவர் உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டினார். லிப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அதனால் ஊழியர்கள் அத்தனை பேரையும் அவருக்கு முதுகால் தெரியும்; எந்த முதுகு எந்த மாடி என்று கேட்காமலே கொண்டுபோய் இறக்குவார். பிறகொரு நாள், லிப்டுக்குப் பொத்தானே போதும் என்று நிர்வாகம் கண்டுகொண்டது. அவருக்குப் பிரிவுபசாரக் கூட்டம் வைத்தார்கள். கூட்டம் ரொம்ப நன்றாக நடந்ததென்று மறுநாள் யாரோ அவரிடம் சொன்னார்கள். அவரைக் கூப்பிட மறந்துவிட்டார்களாம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழகிய விஷயம். மருந்துக் கடையில் அவருக்குப் பின்னால் நிற்கிறவருக்குத்தான் முதலில் மாத்திரை வரும். பெரிய கடைகளில் ஆளைக் கண்டால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, இவரைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கும். கையைக் காட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய் இவர் கைக்கு மட்டும் கொட்டாது. ஒருமுறை பக்கத்தில் நின்ற குழந்தையின் கையைக் கடன் வாங்கிக் கழுவிக்கொண்டு வந்தார். கல்யாணமும் அப்படித்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே ஆகாமல் போனது. இப்போது சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் வந்து உட்கார ஆள் இல்லாததால் துணி உட்கார்ந்திருக்கும்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்காக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு கார் நின்றது.

கண்ணாடி அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். சாலையின் நடுவில் அவர். அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம். கட்டத்தின் தலைமேல் 'மனிதர்' என்று எழுதியிருந்தது.

"இதை யாரு எழுதினது?"

"வண்டிதான் சார். அதுக்கே தெரிஞ்சு எழுதுது."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு தடவை போய்ட்டு வரட்டா?" என்றார்.

காருக்கு மனிதர்களைக் கற்றுத்தர நூறு விதமான மனிதர்கள் வேண்டும். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத நிறுவனம் நூறு சட்டை வாங்கியது. காலையில் அவர் பெட்டி தூக்கிய அதிகாரி. பிறகு குடை பிடித்த கிழவர். பிறகு டோப்பா வைத்த பெண்மணி. பொம்மைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவார், குடித்தவர்போலத் தள்ளாடுவார். வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடந்த அன்று கண்ணாடி, "மெதுவா, மெதுவா" என்று கைத்தாங்கலாகப் பிடிக்க ஓடிவந்து, பாதி வழியில் தலையில் அடித்துக்கொண்டான்.

யாராக நடந்தாலும் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டையில் கால் வைத்ததுமே வலது கையை லேசாகத் தூக்கிக் காருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். கிழவரும் தூக்குவார், அதிகாரியும் தூக்குவார், கர்ப்பிணியும் தூக்குவாள்.

"ஓட்டுற ஆளே இல்ல சார், யாருக்கு இந்தக் கும்பிடு?" என்று நிறுவனர் ஒருநாள் கேட்டார்.

"நிக்கப் போற வண்டிக்குத்தான் மேடம்."

"அது மெஷின்."

"இருக்கட்டும் மேடம். நமக்காக நிக்குதுல்ல."

நிறுவனர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

முதலீட்டாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து காரைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் கைகொடுத்தால் நிறுவனம் பிழைக்கும். இல்லாவிட்டால் கிடங்கு மறுபடி டைல்ஸ் கிடங்காகும். அந்த வாரத்தின் தொடக்கத்தில், ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, நிறுவனர் அந்த முதலீட்டாளரோடு போனில் பேசிக்கொண்டே நினைவில்லாமல் வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டார். "எங்க வண்டி எறும்புக்குக்கூட நிக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் நிற்கவில்லை. கண்ணாடி பட்டனை அமுக்கியதால் பிரேக் அலறியது. அவருடைய செருப்பில் ஒன்று மட்டும் காருக்கு அடியில் போனது.

மூவரும் திரையைச் சுற்றிக் கூடினார்கள். நிறுவனரைச் சுற்றியும் ஒரு கட்டம் இருந்தது, சாம்பல் நிறத்தில். 'குப்பைத் தொட்டி' என்று எழுதியிருந்தது.

"என்னையா? குப்பைத் தொட்டியா?"

"தொட்டின்னாலும் ஓரமா நிக்கிற தொட்டின்னு நெனச்சிருக்கு மேடம். அதான் நிக்கல" என்று கண்ணாடி ஆறுதல் சொன்னான்.

நிறுவனரைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டு அவன் பட்டையில் நடந்து பார்த்தான். நிறுவனர் பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. திரை அவனைத் தூண் என்றது. ஏதோ தோன்றி, அடுத்த தடவை கையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கார் பணிவாக நின்றது. பிறகு அவன் செய்த காரியத்தைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூலையில் கிடந்த நிஜக் குப்பைத் தொட்டியை உருட்டி வந்து பட்டையின் மேல் வைத்தான். துடைப்பக் கட்டையில் ஒரு கையுறையை மாட்டி அதில் செருகினான். கார் வந்தது, பார்த்தது, தொட்டிக்கு முன்னால் நின்றது. தொட்டி கடந்து போகட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது. திரையில் பச்சைக் கட்டம். 'மனிதர்.'

கண்ணாடி விழுந்து விழுந்து சிரித்தான். நிறுவனர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதசாரி மட்டும் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நூறு சட்டை மாத்தினோம் மேடம். கை ஒண்ணுதான்" என்றான் கண்ணாடி, சிரிப்பு அடங்கிய பிறகு. "நடுரோட்டுல கையைத் தூக்கினா மனுஷன், மத்ததெல்லாம் சாமான். மொதல்ல தெரிஞ்சதையும் மறந்துட்டு இதைத்தான் இத்தனை மாசமா படிச்சிருக்கு."

நிறுவனர் ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பாதசாரி மட்டும் நடப்பார், வழக்கம்போலக் கையைத் தூக்குவார், கார் நிற்கும். பணம் வந்ததும் நிஜமாகவே நூறு பேரைக் கூட்டி வந்து முதலிலிருந்து கற்றுக்கொடுக்கலாம். அதுவரை கார் இந்த முற்றத்தைத் தாண்டப் போவதில்லை.

"அப்ப இது வரைக்கும் நடந்தது?" என்று கேட்டார் பாதசாரி.

"எல்லாத்தையும் அழிச்சிரணும் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"என்னை மறந்துருமா?"

"மறந்தாத்தான் சார் மத்தவங்க பொழைப்பாங்க."

நியாயம்தான். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மனசு குடைய ஆரம்பித்தது. கையைத் தூக்காத நிறுவனருக்கு நிற்கவில்லை. சரி, அவர் வண்டிக்குப் புதுசு. கண்ணாடிக்கு நிற்கவில்லை, அவனும் எந்நேரமும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன், முன்னால் வந்து நின்றவனல்ல. ஆனால் மாதக்கணக்கில் வெயிலிலும் தூறலிலும் அதன் முன்னால் நடந்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கையைத் தூக்காமல் யாரும் நடக்கவிட்டுப் பார்க்கவில்லையே? அந்தக் கையைத் தெரியுமா, அந்தக் கைக்கு உரியவரைத் தெரியுமா? வெள்ளிக்கிழமை போனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதற்குப் பிறகு வண்டிக்கே தெரியாது.

மறுநாள் கண்ணாடியிடம் மெல்லக் கேட்டார். "நான் கையைத் தூக்காம ஒரு தடவை போய்ப் பாக்கட்டா?"

"அய்யோ, வேணாம் சார். உங்களுக்கு நிக்கும்னுதான் நெனைக்கிறேன், இவ்ளோ நாள் பாத்திருக்குல்ல. ஆனா இப்ப எதையும் கிளற வேணாம். வெள்ளிக்கிழமை முடியட்டும்."

நிக்கும்னுதான் நெனைக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை அவர் வெள்ளிக்கிழமைவரை வாயில் போட்டு அடக்கிவைத்திருந்தார்.

முதலீட்டாளர் வந்தார். அவருக்கென்று முற்றத்தில் குடை விரித்து நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி கடந்தார், கார் நின்றது. கிழவர் கடந்தார், கார் நின்றது. டோப்பா வைத்த பெண்மணிக்கும் நின்றது. முதலீட்டாளர் தண்ணீர் குடித்தார், போனைப் பார்த்தார், கொட்டாவியை மறைக்கவில்லை. நிறுவனர் விரலைச் சுழற்றி 'இன்னும் ஒரு தடவை' என்று சைகை காட்டினார்.

கடைசித் தடவைக்குப் பாதசாரி வேஷம் எதுவும் போடவில்லை. தன் சொந்தச் சட்டையில் வந்து பட்டையில் இறங்கினார். நடுவில் வந்ததும் நின்று காரைத் திரும்பிப் பார்த்தார். கை தானாக மேலே கிளம்பியது. அதைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

கார் வந்தது. காலிச் சாலையில் வருவதுபோல வந்தது. உச்சியிலிருந்த குடம் சுற்றியது. அவரையும் சேர்த்துத்தான் சுற்றியது. வேகத்தில் ஒரு தயக்கம், ஒரு சின்ன மூச்சு, எதுவும் இல்லை. அவரும் நகரவில்லை. உள்ளே கண்ணாடியின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. பிரேக் அலறியது. காரின் மூக்கு அவருடைய முழங்காலைத் தொட்டு நின்றது. சூடாக இருந்தது.

முதலீட்டாளர் எழுந்தே விட்டார். கைதட்டினார்.

"அடேயப்பா! மத்தவங்க வண்டியெல்லாம் தெருமுனையிலேயே பயந்து நின்னுருது. இது எவ்ளோ தைரியமா கிட்ட வந்து நிக்குது பாருங்க! இந்தத் துல்லியம்தான் எனக்கு வேணும்!"

நிறுவனர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்தார். தொழில் தொடங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சிரிப்பு அது. அவருக்கு அன்றுதான் கைவந்தது.

கண்ணாடி காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான். அடங்கிய குரலில் கேட்டான்.

"ஏன் சார் கையைத் தூக்கல?"

"தெரியும்னு நெனச்சேன்."

"என்ன தெரியும்னு?"

"என்னை."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான். திரையில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பணம் வந்தது. நிறுவனர் வாக்குத் தவறவில்லை. பழையதையெல்லாம் அழித்தார், நூறு பேரை வேலைக்கு எடுத்தார். நெட்டை, குட்டை, நொண்டி, போனில் மூழ்கினவர்கள், நிஜமாகவே கர்ப்பமாக இருந்த ஒரு பெண். பாதசாரியை அனுப்பிவிடவுமில்லை. "நீங்கதான் சார் இங்க சீனியர்" என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். அவரும் வரிசையில் நின்றார். சைகை கொடுத்ததும் கும்பலாகக் கடந்தார்கள். கார் நின்றது. ஒவ்வொரு தடவையும், கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும், ஒழுங்காக நின்றது. நல்ல கார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் பிடித்துக்கொண்டாள்.

"நிரந்தர வேலைன்னு பீத்திக்கிட்ட, இப்ப ஏண்ணே விட்ட? திட்டினாங்களா?"

"சேச்சே. ரொம்ப மரியாதை."

"பின்ன?"

"இப்பல்லாம் கூட்டமா கடக்கச் சொல்றாங்கம்மா."

"அதனால என்ன? வண்டி நிக்கலையா?"

"நிக்குது. யாருக்கு நிக்குதுன்னு தெரியல."

"எல்லாருக்கும் சேர்த்துத்தாண்ணே நிக்குது" என்றாள் தங்கச்சி. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.